கோபத்துக்கு முந்தைய இரண்டு நிமிடங்கள்: நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

முதலில் ஒரு விளக்கம். இதில் வரும் பையன் ஒரே ஆள் இல்லை. திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தொழிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் காண்கிற விஷயங்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். எண்களும் அப்படித்தான், போக்கைக் காட்டுவதற்காக. பெயர் வைக்கவில்லை. பையன் என்றே இருக்கட்டும்.

எதற்காக வந்தார்கள்

வயது 9. அரசு உதவி பெறும் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், நான்காம் வகுப்பு. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் வகுப்பில் பென்சில் பாக்ஸை வீசியெறிந்ததில் பக்கத்து பெஞ்சுப் பையனுக்குப் புருவத்துக்கு மேல் கீறல் விழுந்துவிட்டது. கீறல் ஆழமில்லை, ஆனால் கண்ணுக்கு மிகப் பக்கத்தில். டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர இரவு ஒன்பது தாண்டும். அப்பா குட்டியானை ஓட்டுகிறார்; நிட்டிங், டையிங், தையல் என்று யூனிட்டுக்கு யூனிட் துணி பண்டல் ஏற்றி இறக்குவது. தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பத்தாவும் கூட வந்திருந்தார். திருநீறு மந்திரித்துப் போட்டாயிற்று, கயிறு கட்டியாயிற்று, குலதெய்வக் கோயிலுக்கு முடி இறக்குவதாக வேண்டியும் ஆயிற்று என்று அவர்தான் முதலில் சொன்னார். எதற்கும் பையன் அசையவில்லை. ஊரில் இருந்தபோது தங்கமாக இருந்தான், இங்கே வந்துதான் கெட்டான் என்பது அவர் கட்சி. ஊரில் செல்லம் கொடுத்துக் கெடுத்ததே அவர்தான் என்பது அப்பாவின் கட்சி. அம்மா எதுவும் பேசவில்லை.

பையன் சுவரோரம் உட்கார்ந்து சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தான். இந்தக் காலர் பின்னால் மறுபடி வரும்.

பின்னணி

மூன்று வயது முதல் ஏழு வயது வரை அவன் வளர்ந்தது ஊரில், அப்பத்தாவிடம். இரண்டாம் வகுப்பு வரை அங்கேயே தமிழ் மீடியத்தில் படித்தான். மூன்றாம் வகுப்புக்குத்தான் திருப்பூருக்குக் கூட்டி வந்தார்கள். திருப்பூரில் இது சாதாரணமாக நடக்கிற விஷயம். பிள்ளை தவழும் வயதில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஊரில் விடுவார்கள். பிறகு, நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று கூட்டி வருவார்கள். பெற்றோர் நல்லதை நினைத்துத்தான் செய்கிறார்கள். பையனுக்கோ வளர்த்த ஆள், வீடு, படிக்கும் மொழி, நண்பர்கள் எல்லாமே ஒரே மே மாத விடுமுறையில் மாறிப்போனது.

புதிய வீடு லைன் வீடு. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பகிர்கிற வரிசை. இங்கே குழந்தை அழுதால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள், வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்வார். அதனால் பையன் அழ ஆரம்பித்ததும் சத்தத்தை நிறுத்துவதே அவசர வேலையாகிவிடும். அம்மா போனைக் கொடுப்பார். அப்பா இருந்தால் அடி விழும். வந்த ஆரம்பத்தில் அமைதியாகத்தான் இருந்திருக்கிறான். அதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஏழு வயதுக் குழந்தை ஆறு மாதம் சத்தமே இல்லாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் கவலைதான் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த பிறகுதான் ஆரம்பித்தது: பாத்திரத்தைத் தள்ளுவது, தலையைச் சுவரில் முட்டுவது, கதவை உதைப்பது.

பிரசவம், பேச்சு, நடை எல்லாம் வயதுக்குச் சரி. வலிப்பு வந்ததில்லை. குறட்டை கிடையாது. காது, கண் பரிசோதனையில் குறை இல்லை; ரத்தத்தில் ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மி, அதற்கு மருத்துவர் இரும்புச்சத்து கொடுத்தார். தூக்கம்தான் மோசம். படுக்க பதினொன்று, எழுந்திருக்க ஆறு. 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இவனுக்குக் கிடைப்பது ஏழு. பெரியவர்களே ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் யார் மேலாவது விழுந்து பிடுங்குகிறோம். இவனுக்கு அது தினப்படி.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும், தனியாக. யாராவது தொந்தரவு செய்கிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா, மிரட்டுகிறார்களா என்று. திடீரென்று மாறிய குழந்தையிடம் இதைக் கேட்காமல் விடக் கூடாது. அப்படி எதுவும் இல்லை. ஆனால் வகுப்பில் "பட்டிக்காடு" என்று கூப்பிடுகிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

மதிப்பீடு

ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட, 25 கேள்விகள் கொண்ட பலம்-சிரமம் வினாத்தாளை அம்மாவும் வகுப்பு ஆசிரியையும் தனித்தனியாக நிரப்பினார்கள். ஆசிரியையின் தாளில் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் உச்சத்தில். அம்மாவின் தாளில் பயமும் வருத்தமும் உச்சத்தில். இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் ஒருவர் தவறு என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். குழந்தை எந்த இடத்தில் என்ன கஷ்டத்தில் இருக்கிறது என்பதற்கு அந்த வித்தியாசமே நல்ல தடயம்.

அதைவிட உதவியாக இருந்தது அம்மாவின் ரஃப் நோட்டு. இரண்டு வாரம், ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் நான்கே விஷயம் எழுதச் சொன்னோம்: மணி என்ன, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி முடிந்தது. அம்மா ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். எழுதியது ஒவ்வொன்றும் ஒரு வரிதான். "9.40. போன் புடுங்கினேன். 45 நிமிசம். போன் குடுத்தேன்." இப்படி வீட்டில் ஒன்பது முறை. அவற்றில் ஏழு, இரவு ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில். நான்கு போனைப் பிடுங்கியபோது, மூன்று வீட்டுப்பாடத்தை எடுக்கச் சொன்னபோது. கிட்டத்தட்ட எல்லாமே போன் கொடுத்ததில் முடிந்தது. இரண்டு, அடியில் முடிந்தது. அடியில் முடிந்தவைதான் அதிக நேரம் நீடித்தவை.

பள்ளியில் அதே இரண்டு வாரத்தில் நான்கு. மூன்று, கரும்பலகையைப் பார்த்து எழுதும் நேரத்தில். ஒன்று கபடியில்.

அறிவுத்திறன், இந்தியக் குழந்தைகளுக்கான மாலின் அளவுகோலில் சராசரிதான். படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது, கட்டைகளை அடுக்குவது போன்றவற்றில் சராசரிக்கு மேல். வாசிப்பில்தான் சறுக்கல். இங்கிலீஷை விடுங்கள், தமிழையே இரண்டாம் வகுப்பு அளவுக்குக் கீழேதான் வாசிக்கிறான். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, இரண்டாவது வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்துவிடுகிறது.

சொல்வதை எழுதச் சொன்னபோது நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் "கொக்கு" என்றேன். அவன் முதலில் க எழுதினான். பிறகு கொம்பு முன்னால் வரவேண்டும் என்று ஞாபகம் வந்து, இடம் இல்லாமல் நெருக்கி ஒரு கொம்பைச் செருகினான். பார்த்தான். பிடிக்கவில்லை. அழித்தான். மறுபடி எழுதினான், இந்த முறை காலை விட்டுவிட்டான். அழித்தான். ரப்பர் துணுக்குகளை ஊதினான். இடது முழங்கால் ஆட ஆரம்பித்தது. காது மடல் சிவந்தது. காலர் வாய்க்குப் போனது. மூன்றாவது முறை அழிக்கும்போது தாள் கிழிந்து கீழ்ப் பக்கம் தெரிந்தது. அவ்வளவுதான். பென்சிலைக் கைப்பிடியாகப் பிடித்து அந்தப் பக்கம் முழுக்க ஒரே கிறுக்கு, நோட்டு தரையில், அவன் மேஜைக்கு அடியில். முதல் அழிப்பிலிருந்து நோட்டு தரையில் விழும் வரை இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட.

வகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியை பார்ப்பது கடைசி ஐந்து விநாடியை மட்டும்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. "சும்மா உக்காந்திருந்தவன் திடீர்னு எறிஞ்சான்" என்று அவர் சொன்னது, அவர் கண்ணால் கண்டவரை உண்மை.

பையனின் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் தேய்த்த ஓட்டை.

என்ன இல்லை, என்ன இருக்கிறது

கோபக்காரக் குழந்தை என்றதும் இப்போது பெயர்கள் வரிசையாக வருகின்றன. 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, குழந்தைகளின் கட்டுமீறிய எரிச்சலுக்கென்று ஒரு தனி நோய்ப்பெயரைச் சேர்த்தது. வாரத்துக்கு மூன்று முறையாவது வெடிக்க வேண்டும், ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும், பத்து வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையிலும் நாள் முழுக்கக் கடுகடுப்பாகவே இருக்க வேண்டும். இவன் அப்படி இல்லை. தொடங்கி எட்டு மாதம்தான். வெடித்து அடங்கிய அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டு நாய்க்குட்டியோடு சிரித்து விளையாடுகிறவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. இருக்குமோ என்பது நியாயமான சந்தேகம். அந்தக் குழந்தைகளுக்கு உணர்ச்சி சட்டென்று ஏறும் என்பது தெரிந்ததே. ஆனால் இவன் கட்டை அடுக்குவதில் இருபது நிமிடம் தலை தூக்கவில்லை. கவனம் சிதறுவது எழுத்து வேலையில் மட்டும். அதனால் இப்போதைக்கு வேண்டாம், வாசிப்பு தேறிய பின் மறுபடி பார்க்கலாம் என்று எழுதி வைத்தேன்.

டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று உடனே சான்றிதழ் கொடுக்கவும் மனம் வரவில்லை. நடுவில் மொழி மாறிய குழந்தை. சரியாகக் கற்றுக் கொடுக்கப்படாததும் கற்க முடியாததும் மேலோட்டமாக ஒன்று போலவே தெரியும். குறிவைத்துக் கற்பித்தும் ஆறு மாதமாவது சிரமம் நீடித்தால்தான் அந்தப் பெயர் என்று கையேடே சொல்கிறது. சந்தேகம் பலமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற 21 வகைகளில் ஒன்று. தேவைப்பட்டால் பின்னால் அந்த வழியும் உண்டு.

சரி, அப்படியானால் என்னதான் நடக்கிறது? உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் முன்வைத்த ஒரு வரிசை இங்கே கைகொடுக்கிறது. உணர்ச்சியை நாம் ஐந்து இடங்களில் கையாளலாம் என்கிறார். சிக்கலான சூழலுக்குப் போகாமலிருப்பது, போனாலும் சூழலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது, கவனத்தை வேறு பக்கம் திருப்புவது, நடந்ததற்குக் கொடுக்கும் அர்த்தத்தை மாற்றிக்கொள்வது, எல்லாம் கைமீறி உணர்ச்சி கிளம்பிய பின் அதன் வெளிப்பாட்டை அடக்குவது. பெரியவர்கள் இதையெல்லாம் நாள் முழுக்கச் செய்கிறோம். பிடிக்காத சொந்தக்காரர் வரும் கல்யாணத்துக்குத் தாமதமாகப் போவது முதல் வகை. "அவர் குணமே அப்படி, விடு" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது நான்காவது.

ஒன்பது வயதில் இதெல்லாம் அரைகுறை. திட்டமிடவும் தடுத்து நிறுத்தவும் உதவும் முன்மூளை முழுமையாக முதிர இருபத்தைந்து வயது பக்கம் ஆகிவிடும். அதுவரை குழந்தை, பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானத்தைக் கடன் வாங்கித்தான் ஆறுகிறது. இந்தப் பையனுக்குக் கடன் கொடுத்துவந்தவர் தேனியில் இருக்கிறார்.

இவனைச் சுற்றி இருந்த எல்லோரும், பள்ளி, அப்பா, அம்மா, அப்பத்தா என்று ஒருவர் விடாமல், ஐந்தாவது இடத்தில் மட்டுமே நின்று போராடிக்கொண்டிருந்தார்கள். "வாயை மூடு." "அழாதே." "மூச்சை இழுத்து விடு." அந்த இடம்தான் இருப்பதிலேயே கடினமான இடம். அங்கே வருவதற்குள் குழந்தைக்குச் சொல் காதில் ஏறாது. முன்னால் இருக்கும் நான்கு இடங்களில் ஆளே இல்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான், பையனின் குணம் அல்ல.

வீட்டில் வேறொரு சுழலும் இருந்தது. 1980-களில் ஜெரால்ட் பேட்டர்சன் அமெரிக்கக் குடும்பங்களை வீட்டிலேயே கவனித்து விவரித்த அதே சுழல். குழந்தை கத்துகிறது, பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், சத்தம் நிற்கிறது. குழந்தைக்குக் கத்தினால் கிடைக்கும் என்று தெரிகிறது. பெரியவருக்கு விட்டுக்கொடுத்தால் நிம்மதி என்று தெரிகிறது. இருவருமே பழக்கப்படுகிறார்கள். பேட்டர்சனின் குடும்பங்களுக்கு லைன் வீட்டுச் சுவர் இல்லை. இங்கே அந்தச் சுவரும் ஒரு பாத்திரம்.

என்ன செய்தோம்

முதலில் அப்பாவிடம் பேச வேண்டியிருந்தது. "நாங்க வாங்காத அடியா மேடம்? நாங்கெல்லாம் நல்லாத்தான இருக்கோம்?" என்றார். இதற்கு ஆராய்ச்சி முடிவுகளைச் சொல்லி ஜெயிக்க முடியாது. வண்டி சூடாவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். முள் ஏறும், அதற்கு முன்னாலேயே இழுவை குறையும், வாசனை வரும் என்றார். ஏறிவிட்டால்? "ஓரங்கட்டி நிறுத்தி ஆற விடணும். சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துரும்." சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வேறெதுவும் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது பையன் ஒரு தாளில் அரைவட்டமாக முள் வரைந்து எடுத்து வந்திருந்தான். அப்பா வரைந்து கொடுத்ததில் இவன் சிவப்பு அடித்தது. நாங்கள் கொடுத்த, சிரிக்கும் முகமும் அழும் முகமும் போட்ட அட்டை எதற்கும் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று தினமும் ஒரே முகத்தைத்தான் தொட்டுக்காட்டினான். முள் மட்டும் வேலை செய்தது.

தூக்கத்தில் கைவைத்தது அடுத்து. ஒன்றரை ஷிப்டை விடுங்கள் என்று அம்மாவிடம் சொல்வது சுலபம். சனிக்கிழமை சம்பளத்தில் குறைவதை யார் கொடுப்பது? அதனால் வீட்டுப்பாடத்தை இடம் மாற்றினோம். மாலை ஐந்தரைக்கு அடுத்த லைனில் டியூஷன் எடுக்கும் அக்காவிடம் முடித்துவிட வேண்டும். சாப்பாடு எட்டு மணிக்கே, அப்பா கொண்டு வந்துவிடுவார். அம்மா வந்ததும் "ஹோம்வொர்க் முடிச்சியா" என்ற கேள்வி கிடையாது. கால் மணி நேரம் பக்கத்தில் படுத்திருப்பது மட்டும். இந்தக் கால் மணி நேரத்தை ஏதோ ஒரு சின்னச் சேர்க்கையாக நினைத்துத்தான் வைத்தோம். அம்மாவின் நோட்டைப் பார்த்தால், இரவு வெடிப்புகள் குறைந்ததில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று தோன்றுகிறது. பன்னிரண்டு மணி நேரம் அம்மாவைப் பார்க்காத பையனுக்கு, அம்மா வந்த உடனே காதில் விழுந்த முதல் வார்த்தை இவ்வளவு நாளாக வீட்டுப்பாடமாக இருந்திருக்கிறது.

போனை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தும் விதத்தை மாற்றினோம். தானாக அடுத்த வீடியோ ஓடுவதை அணைத்துவிட வேண்டும். இரண்டு வீடியோ என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஓடும்போது அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்க்கிறான் என்று கேட்டுக்கொண்டு, முடிந்ததும் அவன் கையாலேயே அணைக்கச் செய்ய வேண்டும். அப்படியும் வெடித்தால்? போன் திரும்பக் கிடைக்காது, அடியும் கிடையாது. பேச்சைக் குறைத்துக்கொண்டு, தலை முட்டாதபடி தலையணையை வைத்துவிட்டு, அருகில் இருக்க வேண்டும்.

இது கேட்க எளிது. கொடுத்துப் பழகியதை நிறுத்தினால், குறைவதற்கு முன் ஒரு முறை கூடும். இது எந்தப் பழக்கத்துக்கும் நடக்கும். இரண்டாம் வாரம் கூடத்தான் செய்தது, ஒரு ராத்திரி ஒரு மணி நேரத்துக்கும் மேல். பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் "ஆலோசனை வேலை செய்யலை" என்று விட்டுவிடுகின்றன. இந்த அம்மா ஒரு காரியம் செய்திருந்தார். முன்கூட்டியே இரண்டு பக்கத்து வீட்டு அக்காக்களிடமும் வீட்டுக்காரரிடமும் போய், "ஒரு மாசத்துக்குச் சத்தம் கேக்கும், டாக்டர் சொன்ன வைத்தியம், பொறுத்துக்கங்க" என்று சொல்லி வைத்திருந்தார். நாங்கள் சொல்லிக் கொடுத்தது இல்லை, அவராகவே யோசித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சமாதானம் ஆனதும் இந்தப் பக்கம் நிதானம் வந்தது. அப்பத்தாவுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: தினமும் மாலை ஏழரைக்குப் போனில் பேச வேண்டும், பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. வெள்ளாட்டுக் குட்டியைப் பற்றித்தான் பேசினார்களாம்.

பள்ளியில் பேசியது வேறு மாதிரி. முட்டி போட வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் குறிப்பிட்டோம். வகுப்பு ஆசிரியையிடம் சட்டம் பேசவில்லை, நோட்டுகளைக் காட்டினோம். ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். எழுதுவதில் பாதி போதும், மீதியை டியூஷனில் முடிக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் தப்பானால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதலாம் என்றதற்கு, "இவனுக்கு மட்டும் சலுகை குடுத்தா மத்த பிள்ளைங்க கேப்பாங்களே" என்றார். நியாயமான கேள்வி. அப்படியானால் வகுப்புக்கே அந்த விதி இருக்கட்டும் என்று அவரே முடிவு செய்தார். இப்போது அந்த வகுப்பில் ரப்பர் வைத்திருப்பவர்கள் குறைவு என்று கேள்வி.

காலரையும் அவரிடம் சொன்னோம். காலர் வாய்க்குப் போனால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கண்டிக்காமல், வருகைப் பதிவேட்டைக் கொடுத்துத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்ப வேண்டும். போய் வர மூன்று நிமிடம். கிராஸ் சொன்ன இரண்டாவது, மூன்றாவது இடங்களில் ஒரே வேலையில் கால் வைத்ததாயிற்று. பெருமையான வேலை என்பதால் மற்ற பிள்ளைகள் கேலி செய்யவும் வழியில்லை.

பையனிடம் நேரடியாகச் செய்தது இவற்றையெல்லாம் விடக் குறைவு. மூச்சுப் பயிற்சியைச் சாந்தமாக இருக்கும்போது மட்டும், விளையாட்டாக. கொதிக்கும்போது அதை ஞாபகப்படுத்தக் கூடாது என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொன்னோம். அப்புறம் கதைகள். அவன் நேரடியாகத் தன்னைப் பற்றிப் பேச மாட்டான். படத்தில் இருக்கும் பையனைப் பற்றிப் பேசுவான். எழுதும்போது நோட்டைக் கையால் மறைத்துக்கொள்ளும் ஒரு பையனின் படத்தைக் காட்டி, இவன் ஏன் மறைக்கிறான் என்று கேட்டதற்கு, "சிரிப்பாங்க" என்றான். யார் என்று கேட்டேன். "எல்லாரும். டீச்சர் சிரிக்க மாட்டாங்க, ஆனா அவங்க பாத்தா இன்னும் வெக்கமா இருக்கும்." அதுவரை கோபம் என்று எல்லோரும் சொன்னதற்கு அடியில் இருந்தது இந்த வெட்கம்தான்.

வெடித்த அன்று அறிவுரை கிடையாது. மறுநாள் காலையில், கிழித்ததை ஒட்டுவது, தள்ளியதை எடுத்து வைப்பது என்று ஒரே ஒரு சரிசெய்யும் வேலை. அடிபட்ட பையனிடம் போய்ப் பேச அவனுக்கு மூன்று வாரம் ஆனது. தன்னிடம் இருந்த பம்பரத்தைக் கொடுத்துவிட்டு வந்தானாம்; மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

மருந்து கொடுக்கவில்லை. தேவையும் இல்லை. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாக வேண்டும் என்று பேசுகிற, தன்னையோ பிராணிகளையோ காயப்படுத்துகிற, வாரக்கணக்கில் சிரிப்பே இல்லாத, பேசிக்கொண்டிருந்து பேச்சு குறைந்த குழந்தையை ஆலோசனையோடு நிறுத்தாமல் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பார்க்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவி, 14416 என்ற எண்ணில், கட்டணமில்லாமல் தமிழிலும் பேசும். குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

மூன்று மாதத்துக்குப் பின்

நவம்பர் தொடக்கத்தில் அம்மாவின் நோட்டின்படி வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை, பள்ளியில் மாதத்துக்கு ஒன்று. இந்த எண்ணிக்கையைவிட நான் பார்ப்பது நீளத்தை. முக்கால் மணி நேரமாக இருந்தது இப்போது பத்து, பதினைந்து நிமிடம். கோபமே வராத குழந்தையை யாரும் உருவாக்க முடியாது, உருவாக்கவும் கூடாது. ஏறிய பின் எவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிறான், இறங்கிய பின் என்ன செய்கிறான் என்பதில்தான் முன்னேற்றம் தெரியும். ஒருமுறை "முள் ஏறுதுப்பா" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஒரே ஒரு முறைதான். அப்பா அதைப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் திரும்பவும் ஏறியது. ஆர்டர் முடிக்கும் அவசரத்தில் அம்மா வீடு வர பதினொன்றாகிவிட்டது. கால் மணி நேரம் போயிற்று, தூக்கம் போயிற்று. பண்டிகை முடிந்து பழைய நேரம் திரும்பியதும் பத்து நாளில் தானாகவே இறங்கியது. அப்பா இன்னும் முழுக்க மாறிவிடவில்லை. நடுவில் ஒருமுறை கை ஓங்கியதை அம்மா சொன்னார், அவரும் மறுக்கவில்லை.

வாசிப்பு மெதுவாகத்தான் நகர்கிறது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிறு வகுப்புகளுக்கான பயிற்சி நூல்களை டியூஷன் அக்கா வாங்கி, தமிழை முதலிலிருந்து எடுத்து நடத்துகிறார். கொம்பை முதலில் போட்டுவிட்டு எழுத்துக்குப் போகும் பழக்கம் வந்திருக்கிறது. இங்கிலீஷில் இன்னும் கை வைக்கவே இல்லை.

குறிவைத்துக் கற்பித்து ஆறு மாதம் முடிவது பிப்ரவரியில்; அப்போது கற்றல் குறைபாட்டுக்கான முழு மதிப்பீடும், கவனக் குறைவுக்கான மறு பார்வையும் இருக்கிறது. அதற்குள் முடிவாக வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த வருடம் தமிழ் மீடியத்துக்கு மாற்றிவிடலாம் என்கிறார் அப்பா. இவ்வளவு கஷ்டப்பட்டு இங்கே கூட்டி வந்ததே இங்கிலீஷ் படிக்கத்தானே என்கிறார் அம்மா. பையனிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. அரையாண்டு விடுமுறையில் அப்பத்தா வரும்போது நான்கு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.